நகரியில் வாங்கிய முத்திரைத்தாள்

அக்காவுக்கு வீட்டை எழுதிக் கொடுப்பது என்று அவள் கணவரின் அண்ணன் முடிவு செய்தபோது, இனி அதை யாராலும் தடுக்க முடியாது என்றுதான் நான் நினைத்தேன். அவருடைய இரண்டு மகன்களுக்கும் மனசில்லை என்பது தெரியும். ஆனால் அவர்கள் அப்பாவின் எதிரில் நின்று பேசிப் பழகாதவர்கள். அவர் சொல்லிவிட்டால் நடந்த மாதிரிதான். அப்படித்தான் அதுவரை எல்லாமே நடந்திருந்தது.

அக்கா அவரை பாவா என்று கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும். அப்பா நைனா, கணவனின் அண்ணன் பாவா. அவள் சொல்லிச் சொல்லி நானும் அவரை பாவா என்றே அழைக்கப் பழகிவிட்டேன். அவர் பொதட்டூர்பேட்டையில் தறிகள் வைத்து லுங்கி நெய்து விற்றவர். அக்காவின் கணவர் திருத்தணியில், மலையடிவாரத்துத் தெருவில், இரண்டு தறி போட்டு அண்ணனுக்கு நெய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தத் திருத்தணி வீடு அண்ணன் தம்பி இருவரும் உழைத்து வாங்கியது. பத்திரம் மட்டும் அண்ணன் பேரில். எங்கள் ஜனங்களிடம் அது வழக்கம். மூத்தவன் பேரில் இருந்தால் எல்லார் பேரிலும் இருக்கிறது என்று அர்த்தம். அந்த அர்த்தத்தை எந்த ஆபீசிலும் யாரும் பதிந்து வைக்கவில்லை என்பது, ஒருவர் செத்தால்தான் தெரியவரும்.

மஞ்சள் காமாலையில் அக்காவின் கணவர் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. காரியம் முடிந்த அன்று, சாப்பிட்ட இலைகளை எடுக்கக்கூட இல்லை, பாவா கூடத்தில் நின்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார், இந்த வீடு இனி இவளுக்கு, நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று. மகன்கள் தலையைக் குனிந்துகொண்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அழுதுகொண்டிருந்ததால் அவளுக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. எனக்கு முழுசாக விழுந்தது. அந்த வீட்டின் பின்னறையில் நானும் குடியிருந்தேன் அல்லவா?

நான் அப்போது தபால் ஆபீசில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் என் வாய் என்று எங்கள் அம்மா சொல்வாள். இருக்கலாம். ரெவின்யூ ஸ்டாம்பை எச்சில் தொட்டு ஒட்டாதீர்கள், தண்ணீர் வைத்திருக்கிறேனே, கண் தெரியவில்லையா என்று நாளெல்லாம் ஜனங்களிடம் கத்திக்கொண்டிருந்தவள் நான். ஆனால் ஸ்டாம்ப் விற்கிறவள் என்ற பெயர்தானே தவிர, வீட்டுப் பத்திரம் எழுதும் முத்திரைத்தாளைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அது வேறு உலகம். ரிஜிஸ்தர் ஆபீஸ் வராந்தாவில் குட்டை மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் பத்திரம் எழுதுகிறவர்களின் உலகம்.

கணவர் போய் வருஷம் திரும்புவதற்குள் எழுதக் கூடாது என்று பாவா காத்திருந்தார். வருஷம் திரும்பி ஆனி மாதம் வந்தது. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் சொத்துப் பத்திரத்தில் கை வைக்கமாட்டார்கள். ஆகவே ஆனிக் கிருத்திகை அன்று முடித்துவிடுவது என்று பேச்சு. ஆனால் திருத்தணியில் முத்திரைத்தாள் விற்கிறவரிடம் வேண்டிய மதிப்புக்குத் தாள் இல்லை. கருவூலத்திலிருந்து வரவில்லை என்று சொன்னார். எப்போது வரும் என்று கேட்டால் வரும்போது வரும் என்றார். நான் அவரிடம் சண்டை போட்டேன். சண்டை போட்டால் தாள் வந்துவிடுமா? வரவில்லை.

முத்திரைக்கான பணத்தைத் தான் தருவதாக அக்கா பாவாவிடம் சொல்லிப் பார்த்தாள். வாங்குகிறவர்தான் முத்திரைச் செலவு செய்வது ஊரில் எங்கும் நடக்கிற முறை. அவர் அதற்கு ஒப்பவில்லை.

“குடுக்கறவன் நானு. முத்திரைக்கு உன்கிட்ட காசு வாங்கினா அது குடுத்ததா ஆவுமாம்மா? தாளுக்கு நீ கவலப்படாத. நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டார். எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது எங்களுக்குக் கிருத்திகை அன்றுதான் தெரிந்தது.

நூலும் சாயமும் வாங்க அவர் வாரத்துக்கு ஒரு முறையாவது நகரிக்குப் போவார். நகரி அங்கேதான் இருக்கிறது, பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். ஆனால் அது ஆந்திராவில். நாங்கள் தமிழ்நாட்டில். இந்த எல்லைக் கோட்டைப் போட்டு அப்போது பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருக்கும். அதற்கு முன் திருத்தணியும் ஆந்திராதான், சித்தூர் ஜில்லா. எங்கள் தெருவில் ஒருவருக்கும் அதனால் எதுவும் மாறவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் நூல் வாங்குவதும் சேலை விற்பதும் முன்பு போலவே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நடந்துகொண்டிருந்தன. பாவா அந்த வீட்டை வாங்கியது ஆந்திரா காலத்தில். மூலப் பத்திரம் தெலுங்கில் இருந்தது. அதன் முத்திரைத்தாளும் நகரியில் வாங்கியதுதான்.

ஆகவே இந்தத் தாளையும் நகரியிலேயே வாங்கினார். அவருக்கு அதில் இன்னொரு வசதியும் இருந்தது. திருத்தணியில் பத்திரம் எழுதுகிறவர்களில் ஒருவர் அவருடைய பெரிய மகனுக்குச் சிநேகிதர். இங்கே எழுதினால் மை காய்வதற்குள் பொதட்டூருக்குச் செய்தி போய்விடும். நகரியில் அவருக்குப் பழக்கமான ஒரு முதியவர், மூலப் பத்திரத்தைப் பார்த்து, அதே போலத் தெலுங்கில் அழகாக எழுதிக் கொடுத்தார். பாவா கையெழுத்துப் போட்டார். நூல்கடைக்காரர்கள் இரண்டு பேர் சாட்சி போட்டார்கள். எல்லாம் முறைப்படி.

கிருத்திகை அன்று அவர் காலையிலேயே வந்து, குளித்து, பத்திரத்தை மலைக்கு எடுத்துப் போய் சாமி காலடியில் வைத்து வாங்கிக்கொண்டு இறங்கினார். தாளின் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. அக்கா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் மத்தியானம் வரை லீவு சொல்லிவிட்டு அவர்களோடு போனேன். அன்று ரிஜிஸ்தர் ஆபீசில் நல்ல கூட்டம். ரேகை வைத்தவர்கள் பெருவிரல் மையைத் துடைக்க இடம் தேடி, சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுவரைப் பார்த்தால் எத்தனை வீடும் நிலமும் கைமாறியிருக்கும் என்று தெரியும்.

எங்கள் முறை வந்தது. சப் ரிஜிஸ்தரார் தெற்கத்திக்காரர், சின்ன வயசு, சாந்தமான முகம். பத்திரத்தை வாங்கிப் பிரித்தார். தெலுங்கைப் பார்த்துச் சிரித்து, படிக்க குமாஸ்தாவைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே முத்திரையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு பியூனிடம் ஏதோ சொல்லி வெளியே அனுப்பினார்.

இந்தத் தாள் எங்கே வாங்கியது என்று கேட்டார். பாவா நகரி என்றார், அதிலென்ன என்பது போல. வீடு தமிழ்நாட்டில் இருக்கிறது, தீர்வை தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டும், ஆந்திராவுக்குக் கட்டின முத்திரை இங்கே செல்லாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். பாவா மூலப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். இதுவும் நகரித் தாள்தானே, இது செல்கிறதே என்றார். அது அந்தக் காலம் என்றார் அவர். பாவாவுக்கு விளங்கவில்லை. வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது, மலை அதே இடத்தில் இருக்கிறது, அவரும் அதே ஆள்தான். தாள் மட்டும் எப்படி வேறாகும்?

வராந்தாவில் இருந்து எட்டிப் பார்த்த பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் என் காதருகே வந்து, முத்திரை சரியில்லாத பத்திரத்தை இவர் பிடித்து வைத்து மேலே அனுப்பினால் பத்து மடங்கு வரை அபராதம் போடலாம் என்று சொல்லிவிட்டு நழுவினார். பத்து மடங்கு கட்டுவதற்கு அந்த வீட்டையே விற்க வேண்டியதுதான்.

சப் ரிஜிஸ்தரார் அக்காவை ஒரு தரம் பார்த்தார். பிறகு பத்திரத்தை மடித்து, மேஜைக்கு இந்தப் பக்கம் தள்ளினார்.

“நான் இதைப் பார்க்கலை. எடுத்துக்கிட்டுப் போங்க. நம்ம ஸ்டேட் தாள்ல புதுசா எழுதிக் கொண்டாங்க, உடனே முடிச்சுத் தரேன்.”

அக்கா அவரைக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். யாரையும் அவ்வளவு சுலபமாகக் கும்பிடுகிறவள் இல்லை நான். அன்று மனசாரக் கும்பிட்டேன்.

வெளியே வந்ததும் பாவா ஒரு டீக்கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போகிற வரை கையிலேயே வைத்திருந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. அவருக்கு நடந்தது முத்திரையைப் பற்றிய விஷயமாகப் படவே இல்லை.

“நான் குடுக்கறது செல்லாதுன்ட்டான்” என்றார்.

அக்கா, தன்னிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது, நாளைக்கே அரக்கோணம் போய்த் தாள் வாங்கி வரலாம் என்று கெஞ்சினாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். நகரித் தாளில் போட்ட பணம் போனது போனதுதான், புதுத் தாளுக்கு மறுபடி கையில் பணம் சேர வேண்டும். ஆடி கழியட்டும், ஆவணி முதல் முகூர்த்தத்தில் வந்து எழுதித் தருகிறேன் என்றார். பத்திரத்தை அக்காவிடமே கொடுத்துவிட்டுப் பொதட்டூர் பஸ் ஏறினார். பஸ் திரும்பும்வரை அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. இந்த மானம் பார்க்கிற குணம் இல்லாமல் இருந்தால் மறுநாளே முடிந்திருக்கும்.

சாட்சி போட்ட நூல்கடைக்காரர்கள் மூலமாக விஷயம் மகன்களுக்குப் போயிற்று. ஆடி பிறந்த வாரம் பெரிய மகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். மரியாதையாகத்தான் பேசினான். வாங்கி வந்த வாழைப்பழத்தைச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

“சின்னம்மா, நீங்க இருக்கற வரைக்கும் இருங்க. யாரு போவச் சொன்னது? பத்திரம்தான் வாணாங்கறோம். சாமி காலடியில வெச்சி எடுத்துகினு போயும் நடக்கல, பாத்தீங்க இல்ல. சாமிக்கே இஷ்டமில்லன்னு விட்டுடுங்க.”

சாமிக்கு இஷ்டமில்லாததை இவனுக்கு யார் வந்து சொன்னார்கள் என்று கேட்க என் வாய் துடித்தது. அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினாள். அவன் போன பிறகு அந்தப் பழத்தை எடுத்துத் தெருவில் போகிற மாட்டுக்குப் போட்டேன். அக்கா அதற்கும் திட்டினாள்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டத்தோடு பாவா வந்தார். உடம்பு இளைத்திருந்தது. அக்கா சமைத்துப் போட்டாள், சாப்பிட்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், தறியில் ஏற்றியிருந்த பாவு நூலில் கை வைத்து நீவிப் பார்த்தார், தம்பி உட்காரும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பத்திரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்டால் அவரைக் குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்கு. செருப்பைப் போடும்போதுதான் கேட்டார்.

“அந்தத் தாளு இருக்குதாம்மா?”

“ஆங், பெட்டில இருக்குது பாவா.”

“கிழிச்சிடாத. நான் போட்ட கையெழுத்து அது.”

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தம் போயிற்று, இரண்டாவது போயிற்று. அவர் படுத்திருக்கிறார், வாய் கோணிப்போய்ப் பேச்சு வரவில்லை என்று பொதட்டூரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அக்கா போய்ப் பார்த்தாள். அவளைப் பார்த்ததும் அவர் வலது கையைத் தூக்கப் பார்த்தாராம், தூக்க முடியவில்லையாம். அந்தக் கையை மருமகள் எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள் என்று அக்கா சொன்னாள். புரட்டாசியில் அவர் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு நாள், எங்கள் கவுன்ட்டருக்குக் கவர் வாங்க வரும் ஒரு வயசான வக்கீலிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். அந்த சப் ரிஜிஸ்தரார் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காமல் சட்டப்படி பிடித்து வைத்திருக்க வேண்டும் என்றார். மேலே அனுப்பியிருப்பார்கள், தீர்வையும் ஏதோ அபராதமும் போட்டிருப்பார்கள், மனுக் கொடுத்தால் அபராதத்தைக் குறைக்கவும் செய்வார்கள், பத்து மடங்கு என்பதெல்லாம், எழுதிக் கொடுப்பவரே நேரில் வந்து நிற்கும்போது, சும்மா பயமுறுத்தல். பணத்தைக் கட்டியிருந்தால் அதே பத்திரம் செல்லுபடியாகியிருக்கும். எழுதிக் கொடுத்தவர் உயிரோடு வந்து அதிகாரி எதிரில் நின்றாரே, அதைவிட வேறென்ன வேண்டும் என்றார்.

அன்று நான் சரியாகச் சில்லறை கொடுக்கவில்லை. எத்தனையோ கெட்ட ஆட்களை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன், மனசு லேசாகிவிடும். இந்த மனுஷனை என்ன சொல்லி ஏசுவது? இரக்கப்பட்டார். ஒரு விதவை அபராதம் கட்ட வேண்டாமே என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்த இரக்கத்தில் எங்கள் வீடு போயிற்று. வருஷக்கணக்காக அவர் முகம் என் நினைவில் வரும்போதெல்லாம் கும்பிட்ட கையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. இப்போதும் அப்படித்தான்.

உழைப்பில் பாதி தம்பியுடையது என்று கேஸ் போடலாம் என்றும் வக்கீல் சொன்னார். அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். கோர்ட்டில் போய் பாவா பேரை இழுக்க முடியாது என்றாள். அவர் கொடுத்தார், தாள்தான் செல்லவில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே அவள் அந்த வீட்டில் இருந்தாள். பொதட்டூரிலிருந்து யாரும் வாடகை கேட்கவில்லை. ஆனால் கூரை ஒழுகினால் யாரைக் கேட்டு ஓடு மாற்றுவது என்று ஒவ்வொரு மழைக்கும் யோசிப்பாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மகன்கள் விசைத்தறி போட இறங்கினார்கள். பணம் தேவைப்பட்டது. ஒரு நாள் தரகர் ஒருவர் யாரையோ அழைத்துவந்து, அக்கா உலையில் அரிசி போட்டுக்கொண்டிருக்கும்போதே கூடத்தை டேப் பிடித்து அளந்தார். அன்று சாயந்திரம் அக்கா பொதட்டூர் போய், வெளி ஆளுக்கு என்ன விலையோ அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். அவள் போட்ட சீட்டும், என் ஆபீஸ் லோனும், கழுத்தில் காதில் இருந்ததும் சேர்ந்து விலைக்குச் சரியாயிற்று. முத்திரைக்கும் பதிவுக்கும் தனியாகப் புரட்ட வேண்டியிருந்தது. முன்பின் தெரியாதவன் வாங்கினால் என்ன தீர்வையோ அதே தீர்வை. சொந்தம் என்று ஒரு காசு குறையவில்லை.

இந்த முறை தாளை நானே போய் வாங்கினேன். கவுன்ட்டரில் வைத்தே தமிழ்நாடு என்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். விற்றவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பத்திரம் எழுதியது அதே வராந்தாவில், பெரிய மகனின் சிநேகிதர்தான். மகன்கள் இருவரும் பக்கத்தில் நின்றார்கள். எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். தகப்பனார் வழியில் எங்களுக்குப் பாத்தியப்பட்டு, எங்கள் அனுபவத்தில் இருந்துவரும் வீடு என்று போயிற்று. அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வரி வந்தது. மேற்படி சொத்தைக் குறித்து நாங்களோ எங்கள் தகப்பனாரோ இதற்கு முன் யாருக்கும் எவ்விதப் பத்திரமும் எழுதிக் கொடுக்கவில்லை என்று உறுதி கூறுகிறோம்.

“அந்த வரிய அடிச்சிடுங்க” என்றாள் அக்கா.

பத்திரம் எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். எல்லாப் பத்திரத்திலும் வருகிற வரி அது, உங்களுக்காகத்தான் எழுதுகிறது, நாளைக்கு வேறு யாரும் உரிமை கொண்டாடி வரக்கூடாது என்றுதான், இதில்லாமல் பத்திரமே நிற்காது என்று எடுத்துச் சொன்னார். அக்காவுக்கு அது புரியாமல் இல்லை. அவள் அவரைப் பார்க்கவில்லை. பெரிய மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதிக் குடுத்தாரு இல்ல? உனக்குத் தெரியும் இல்ல?”

அவன் சட்டைப் பையில் எதையோ தேடினான். சின்னவன் மெதுவாக, ஆங், தெரியும் சின்னம்மா என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவ்வளவுதான். பியூன் எங்கள் பேரைக் கூப்பிட்டான். பத்திரம் எழுதுகிறவர் பேனாவை மூடாமல் அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது பேசியிருப்பேன், ஆனால் என்ன பேசுவது? வரியை அடித்தால் வீடு இல்லை.

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். இருக்கட்டும் என்றாள்.

மகன்கள் கையெழுத்துப் போட்டார்கள், மை தடவினார்கள், சுவரில் துடைத்தார்கள். பணம் கைமாறியது. ரசீதை என்னிடம் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மேஜையில் இந்த முறை வேறு அதிகாரி, எங்கள் முகத்தைக்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவர்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் கழித்து வீடு உன் பேருக்கு வந்துவிட்டது, சந்தோஷமாக இரேன் என்று அக்காவிடம் சொன்னேன். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அப்படி ஏதோ சொல்லி வைத்தேன்.

“வந்துடுச்சி” என்றாள். வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “ஆனா அவரு எனக்கு ஒண்ணுமே குடுக்கலன்னு, நானே முத்திரைக்குக் காசு கட்டி எழுதி வாங்கிகினு வந்துட்டேன்டி.”

கேட் திறந்தது. அவள் எனக்கு முன்னால் நடந்து போனாள்.